ஈழத்துச் சிறுத்தையும் பன்றிக் கண்ணியும்

கடல் சூழ்ந்த நிலத்தில் வாழும் ஊனுண்ணி விலங்கிற்குப் பெருநிலத்து விலங்கிற்கில்லாத ஓர் இடருண்டு. பெருநிலத்தில் ஒரு காட்டிலுள்ள விலங்கினம் அருகிப்போயின், அண்டைக் காட்டிலிருந்து அவ்வினத்தனவே சில வந்து அவ்விடத்தை நிரப்புதல் கூடும். தீவிலோ அதற்கு வழியில்லை. உள்ளவை குறைந்தாற் குறைந்தனவே, அற்றால் அற்றனவே. தனுஷ்கோடி முனையினின்று ஏறத்தாழ 30 கிலோமீட்டர்க் கடலுக்கு அப்பாலுள்ள இலங்கைத் தீவில் இத்தகைய நிலையில் வாழ்வது சிறுத்தை. அதன் வாழ்க்கையையும், அதற்கு நேர்ந்துள்ள கேட்டையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அக்கேடு பெரும்பாலும் அதனைக் கொல்லக் கருதாதவர் கையாலேயே வருகின்றது. அதுவே இவ்வாராய்ச்சியில் நாம் சிறப்பாக நோக்கற்பாலது.

முதற்கண் பெயரைப்பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். தமிழ் பயில்வோர்க்கு இஃது ஒரு சுவையான செய்தியுமாகும். வேங்கை, உழுவை, கொடுவரி, குயவரி என நம் நூல்கள் வழங்கும் பெயர்கள் பலவும் புலியைக் குறிப்பன. அவற்றுட் சில உடலின் வரியையே நோக்கி எழுந்தன. சிறுத்தைக்கு வரியில்லை, புள்ளியே உண்டு. எனினும் மக்கள் வழக்கில் 'புலி' என்னுஞ் சொல் இரண்டிற்கும் பொதுவாய் நிற்கின்றது. வரிப்புலியே இல்லாத இலங்கையில் வாழும் தமிழர் 'புலி வந்தது' என்றால் அது சிறுத்தை வந்ததென்றே பொருள்படும். சிங்களவர் இதனைக் 'கொட்டியா' என்றும் 'திவியா' என்றும் அழைப்பர். இவற்றுட் பின்னையது 'த்வீபின்' என்னும் வடசொல்லின் வழிவந்தது. த்வீபம் என்பது தீவு. த்வீபின் என்பது தீவுகளையுடையது. மஞ்சள் நிற உடலிற் கருநிறப் புள்ளிகள் கடலிடைத் தீவுகள்போற் கிடத்தலின் இப்பெயர் அமைந்தது. இனி, சென்ற நூற்றாண்டுகளில் இலங்கையிற் குடியேறிய ஆங்கிலேயர் இதனைச் 'சீட்டா' என்று பிழைபட வழங்கினர். சீட்டா என்பது நம்மவர் சிவிங்கி என்னும் வேறொரு விலங்கு. வெட்டவெளியில் ஓடி மான் பிடிப்பது. இலங்கைக் காட்டிற்கு உரியதன்று. 1845 முதல் 1850 வரை அத்தீவின் ஆட்சிச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் என்பார் தம் நூலில் இப்பிழையைச் சுட்டியுள்ளார். சுட்டியும் பயனில்லை, தோட்டத் துரைமார் வாயில் அப்பெயர் நெடுங்காலம் நிலைத்திருந்தது.

நிற்க. சிறுத்தை இலங்கைக்கு எவ்வாறு சென்றது? பனியூழிக் காலத்தில் உலகின் நீர் பெரும்பகுதி வடபுலத்திற் பனிப்பாறையாய் உறைந்து நின்றமையாற் கடன்மட்டம் இன்றினும் 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது. அப்பொழுது, ஆழமில்லாத பாக்குநீரிணை வறண்ட நிலமாய்க் கிடந்தது. நம் நாட்டு யானையும் மானும் கரடியும் அந்நிலத்தின் வழியே சென்றன. அவற்றைத் தொடர்ந்து ஊனுண்ணிகளும் சென்றன. பின்னர்ப் பனி உருகக் கடல் உயர்ந்தது, வழி அடைபட்டது. சென்றவற்றுள் எவை எஞ்சின என்பதே வியப்பிற்குரியது. இரத்தினபுரியை அடுத்த குருவிட்டைப் பகுதியிற் கிடைத்த தொல்லெலும்புகளிற் சிங்கத்தின் பற்களும் வரிப்புலியின் எச்சங்களும் உள்ளன. அச்சிங்கத்திற்கு 1939இல் பெயரிட்டவர் கொழும்பு அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த தெரணியகலர். ஆகவே அவ்விரு விலங்குகளும் ஒருகாலத்தில் அத்தீவில் உலவியவையே, பின்னர் அற்றொழிந்தன. இலங்கைக் கொடியிலே வாளேந்தி நிற்கும் சிங்கம் அந்நாட்டு மண்ணிற் பல்லாகவும் எலும்பாகவுமே எஞ்சியிருக்க, கொடியில் இடம்பெறாத சிறுத்தையே காட்டில் உயிரோடு அரசு செலுத்துகின்றது.

நம் நாட்டுக் காடுகளிற் சிறுத்தை இரண்டாந்தரக் குடி. புலி உள்ள காட்டில் அது புலிக்கு அஞ்சி ஒதுங்கி வாழும். செந்நாய்க் கூட்டத்தைக் கண்டால் மரமேறும். கழுதைப்புலி தன் இரையைக் கவருமோவென்று அதனையும் மரக்கிளையிற் கொண்டு வைக்கும். இலங்கையிற் புலியில்லை, செந்நாயில்லை, ஓநாயில்லை, கழுதைப்புலியும் இல்லை. எஞ்சியுள்ளவை நரியும், சிறு காட்டுப்பூனை வகைகளும், நீர்நிலைகளில் முதலையும், தேனும் கறையானும் தேடித் திரியும் கரடியுமே. இதனால் அத்தீவுச் சிறுத்தையின் ஒழுக்கத்திற் சில வேறுபாடுகள் தோன்றியுள்ளன. கொன்ற இரையை மரத்தில் ஏற்றும் வழக்கம் அதனிடம் குறைவு. வீழ்த்திய இடத்திலேயே புதர்மறைவில் இட்டு, இரண்டு மூன்று நாள் வந்து வந்து உண்ணும். மனிதர் தொல்லையில்லாத சரணாலயங்களிற் பகற்போதிலும் பாறைமேற் கிடந்து வெயில் காயும். வழியின் நடுவே நடந்து செல்லும்.

உடலமைப்பும் இங்ஙனமே. இலங்கைச் சிறுத்தையின் ஆண் சராசரி 56 கிலோ எடையுள்ளது. 77 கிலோ வரையிற் பதிவான ஆண்களும் உண்டு. பெண் அதில் ஏறத்தாழப் பாதி. சராசரி 29 கிலோ. 1956இல் தெரணியகலர் இதனைத் தனியோர் உள்ளினமாக வகுத்து, சிங்களப் பெயரையே இலத்தீன் முறையில் இணைத்துப் 'பாந்தெரா பார்டசு கொட்டியா' எனப் பெயரிட்டார். மயிர் நிறத்தையும் மண்டையோட்டின் அளவையும் கொண்டு அக்காலத்தவர் வகுத்த உள்ளினங்கள் பல பின்னர் ஆராய்ச்சியில் நில்லாது மறைந்தன. இதுவோ 1996இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சியிலும் தனியினமென்றே தெளியப்பட்டது. தீவில் அடைபட்டுக் கிடந்த காலமே அதனைத் தனியாக்கிற்று என்க.

சிறுத்தை தனித்து வாழும் விலங்கு. ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொள்ளும். மரத்தை நகத்தாற் கீறியும், தரையைப் பின்காலாற் பறித்தும், மூத்திரத்தைப் பீச்சியும் அவ்வெல்லையை அறிவிக்கும். அதன் குரல் உறுமலினும் மரமறுக்கும் வாளின் ஓசையையே பெரிதும் ஒத்திருக்கும். மலைநாட்டில் இரவில் அவ்வோசையைக் கேட்டோர் வாளறுப்போர் எவரோ காட்டிலுள்ளாரென மயங்குதல் இயல்பே. ஓர் ஆணின் எல்லைக்குள் ஒன்றிற்கு மேற்பட்ட பெண்களின் எல்லைகள் அடங்கும். பெண் மூன்று திங்களுக்குச் சற்று மேற்படக் கருவைச் சுமந்து, பாறையிடுக்கிலோ அடர்புதரிலோ இரண்டு அல்லது மூன்று குட்டிகளை ஈனும். ஒன்றரை ஆண்டு முதல் இரண்டாண்டு வரையிற் குட்டிகள் தாயுடனிருந்து வேட்டை பயிலும். தாய் இறந்தாற் சிறு குட்டிகள் பிழையா. பின்னர்க் கண்ணியைப்பற்றிக் கூறுமிடத்து இதனை நினைவிற் கொள்க. ஒரு கம்பி பல உயிர்களை விழுங்குவது இங்ஙனந்தான்.

சிறுத்தையின் உடலிலுள்ள புள்ளிக்கூட்டம் ஒன்றிற்கிருப்பதுபோல் மற்றொன்றிற்கு இராது. நம் கைவிரல் வரையை ஒத்தது அது. காட்டு வழிகளிலே தானே படம்பிடிக்கும் கருவிகளைக் கட்டிவைத்து, கிடைத்த படங்களின் புள்ளிகளை ஒப்பிட்டு, இன்ன காட்டில் இத்தனை சிறுத்தை உண்டென்று ஆராய்ச்சியாளர் கணக்கிடுகின்றனர். அஞ்சலி வாட்சன், ஆண்ட்ரூ கிட்டில் என்னும் இருவர் இம்முறையில் இருபதாண்டிற்கு மேலாக இலங்கைச் சிறுத்தையை ஆராய்ந்து வருகின்றனர். அதற்கெனவே ஓர் அறநிலையமும் நடத்துகின்றனர். நாம் அச்சிறுத்தையைப்பற்றி இன்று அறிந்தவற்றுட் பெரும்பகுதி இத்தகையோர் உழைப்பின் பயனே.

இத்தீவில் அது வாழாத காட்டுவகை இல்லையெனலாம். தென்கிழக்கே யால, வடமேற்கே வில்பத்து என்னும் வறண்ட காடுகள் உள. இரண்டும் 1938இல் தேசியப் பூங்காக்களாயின. அங்கே புள்ளிமானே அதற்குத் தலையாய உணவு. உள்நாட்டுப் போரினால் வில்பத்து 1988இல் மூடப்பட்டு 2003இற்றான் மீளத் திறக்கப்பட்டது. யாலவிற் சிறுத்தையைக் காண்டல் எளிது; அதனாலேயே அங்கு ஓர் இன்னல் விளைந்தது. ஒரு சிறுத்தை மரத்திற் கிடக்கிறதென்று கேட்டவுடன் சுற்றுலா வண்டிகள் பலவும் புழுதி பறக்க ஓடிவந்து அதனைச் சூழ்ந்துகொள்கின்றன. ஆயினும் அது தொல்லையேயன்றிக் கொலையன்று. நடுமலைநாட்டிலே கடன்மட்டத்திற்கு மேல் 2,100 மீட்டர் உயர்ந்த ஹார்ட்டன் சமவெளியில், இரவில் உறைபனி விழும் புல்வெளியருகே, இலங்கைத் தமிழர் மரை என்னும் கடமானைப் பிடித்துண்டு அது வாழ்கின்றது. சிவனொளிபாத மலையைச் சூழ்ந்த மழைக்காட்டிலும், அக்காட்டின் அடிவாரந் தொடங்கிப் பரந்த தேயிலைத் தோட்டங்களிலும் அது உண்டு. அங்கே பெருங்கூட்டமாய் மானில்லை. கேளையாடு, காட்டுப்பன்றி, முசு, முள்ளம்பன்றி, முயல் என எது கிடைப்பினும் அதுவே உணவு. இம்மலைநாட்டுச் சிறுத்தையே நம் கருத்தைப் பெரிதும் கவர்வது.

அதற்குக் காரணம் உண்டு. இம்மலைநாடு முன்னர்ப் பெருங்காடு. ஆங்கிலேயர் அக்காட்டை வெட்டிச் சுட்டெரித்துக் காப்பி நட்டனர். 1869இல் தோன்றிய இலைத்துரு நோயாற் காப்பி பாழாயிற்று. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், லூல்கந்துர என்னுந் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். காப்பி விட்ட இடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. வெட்டவும் நடவும் கொழுந்து பறிக்கவும் சென்ற கைகள் யாருடையவை? நம் தமிழ்நாட்டு ஊர்களினின்று கங்காணிமாரால் அழைத்துச் செல்லப்பட்ட ஏழைமக்களுடையவை. அவர்கள் வழித்தோன்றல்களே இன்றும் அத்தோட்டங்களில் லயங்களென்னும் வரிசை வீடுகளில் வாழ்கின்றனர். சிறுத்தையின் பெருங்காடு துண்டுபட்டு, மலையுச்சியிலும் ஓடைக்கரையிலும் மட்டும் நின்றது. அத்துண்டுகளுக்கு இடையே சிறுத்தை இரவில் தேயிலைச் செடிகளினூடே நடந்து செல்கின்றது. பகலில் அதே செடிகளினூடே தமிழ்ப் பெண்கள் கூடை சுமந்து நடக்கின்றனர். ஒரே நிலத்தை இரு குடிகள் பொழுது பிரித்து ஆளுகின்ற நிலை இது.

இவ்வளவு நெருக்கத்திற் கலந்து வாழ்ந்தும் அங்குச் சிறுத்தையால் மனிதர் உயிரிழத்தல் மிக அரிதென்பது நம்மவர் பலர்க்குப் புதுமையாகத் தோன்றும். இமயத்தின் அடிவாரத்தில் ருத்ரப்பிரயாகைச் சிறுத்தை 125 பேரைத் தின்றதாகக் கணக்குண்டு; அதனை 1926இல் ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்தினார். இலங்கையிலோ மனிதரைத் தின்னப் பழகியதாகப் பெயர்பெற்றது ஒன்றே. மட்டக்களப்புப் பக்கத்துப் புணாணை என்னும் காட்டூரின் அருகே, பன்னிருவர்க்குக் குறையாதோரைக் கொன்ற அச்சிறுத்தையை 1924இல் ஷெல்டன் ஏகார் என்பவர் சுட்டார். அதன் உடல் பதப்படுத்தப்பட்டுக் கொழும்பு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. தோட்டங்களில் நேர்வன பெரும்பாலும் எதிர்பாராச் சந்திப்புக்களே: செடியடியிற் படுத்திருந்த விலங்கு, கொழுந்து பறிப்போர் திடீரெனக் கிட்டே வரக்கண்டு வெருண்டு பாய்ந்து, நகத்தாற் கிழித்துவிட்டு ஓடிவிடும். லயத்து நாயைக் கவ்விச் செல்லுதலும் உண்டு. எஞ்சிய சோற்றையும் கழிவையும் வெளியிற் கொட்ட, அதற்கு நாய் பெருக, அந்நாயைத் தேடிச் சிறுத்தை வருகின்றது.

இனி அதன் சாவைப்பற்றிக் கூறுவாம். துப்பாக்கியாலும் நஞ்சாலும் சில மடிகின்றன. ஆனால் மலைநாட்டிற் பெரும்பகையாய் நிற்பது கம்பிக் கண்ணி. இக்கண்ணி சிறுத்தைக்கென வைக்கப்படுவதன்று, காட்டுப்பன்றிக்கு வைக்கப்படுவது. லயத்தின் பின்புறத்துச் சிறு தோட்டத்தில் மரவள்ளியும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு வைத்திருப்பர். ஓரிரவில் பன்றிக்கூட்டம் புகுந்து அத்தனையையும் கிண்டி எறிந்துவிடும். குறைந்த கூலியில் வாழும் குடும்பத்திற்கு அது சிறிய இழப்பன்று. பன்றியிறைச்சி நல்ல விலைக்குப் போதலும் ஒரு காரணம். ஆதலிற் பன்றி வழியிலே, மிதிவண்டிக்கோ மோட்டார்ச் சைக்கிளுக்கோ உரிய தடைக்கம்பியைச் சுருக்கிட்டு, ஒரு முனையை மரத்திற் கட்டிவிடுகின்றனர். பன்றி செல்லும் வழியே சிறுத்தையும் செல்லும். பன்றி அதன் இரையுமன்றோ! பன்றியினும் மெலிந்த உடலாதலின் அதன் தலையும் தோளும் சுருக்கினுள் நுழைந்துவிட, இடையிற் கம்பி மாட்டிக்கொள்ளும். இழுக்க இழுக்க இறுகும். வெளித்தோற்றத்திற் காயம் சிறிதாயிருப்பினும் உள்ளுறுப்புக்கள் நைந்துபோம். காலையிற் கண்டோர் கூடிக் கூச்சலிட, அது மேலும் துள்ளித் தன்னையே கிழித்துக்கொள்ளும். மருத்துவர் வந்து மயக்கமருந்து செலுத்திக் கம்பியை அறுத்தபின்னும் ஓரிரு நாளில் இறந்தனவே பல.

பன்றிக்கு வைத்த பொறியிற் புலி மடிதல் இன்று நேற்று நேர்ந்ததன்று. நம் சங்கநூலில் அதற்குச் சான்றுண்டு. நற்றிணையின் 119ஆம் பாட்டிலே, தினையை உண்ண வரும் பன்றியை அஞ்சித் தினைப்புனத்தான் ஒருவன் பெருங்கல்லை நிறுத்தி 'அடார்' என்னும் பொறியை அமைக்க, அதிற் புலியொன்று அகப்படும் செய்தி தலைவனது மலைநாட்டிற்கு அடையாய் வருகின்றது. பாட்டின் கருத்து வேறு. உள்ளுறை நோக்கி உரைப்பார் வேறு பலவும் உரைப்பர். நாம் அதன் வெளிப்பொருளை மட்டும் எடுத்துக்கொள்வோம். இரண்டாயிரம் ஆண்டளவிற்கு முன்னரே குறிஞ்சி நிலத்து உழவன், பன்றி, புலி என்னும் மூவர்க்குமிடையே இவ்வழக்கு நிகழ்ந்துகொண்டிருந்தது. தினைப்புனங் காத்த வள்ளியின் கதை வழங்கும் திருத்தணி மலை எம் மணவூர்க்கு அண்மையிலுள்ளது. பரண்மேல் நின்று கவண் சுழற்றிப் புனங்காத்தலை அக்கதையில் இனிதாகவே கேட்கின்றோம். கவணாற் காக்கக் கூடுவன கிளியும் குருவியும். பன்றிக்கு அக்காலத்தும் கற்பொறி வேண்டியிருந்தது.

ஆயினும் கல்லிற்கும் கம்பிக்கும் வேற்றுமை பெரிது. அடாரை அமைக்க ஆளும் உழைப்பும் வேண்டும். ஒருவன் ஒன்றோ இரண்டோதான் அமைப்பான். அமைத்த இடத்தை மறவான். அதன் கீழ் அகப்பட்ட விலங்கும் விரைவிலே உயிர்விடும். கம்பிச் சுருக்கோ மலிவு. ஒருவன் ஒரு மாலையில் இருபது கட்டிவிடுவான். இரண்டை மறந்தும் விடுவான். மறந்த கம்பி மட்காது, பல திங்கள் காத்திருக்கும். ஆகவே பழையோர் செய்ததைத்தானே நாமும் செய்கின்றோமென்பார் கூற்றை ஒப்புதல் இயலாது. கருத்து ஒன்றாயினும் கருவி மாறின் விளைவும் மாறும்.

2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நிகழ்ந்ததொன்றை இங்குக் குறித்தல் வேண்டும். சிறுத்தைகளுள் மிக அரிதாகக் கருநிறத்தன பிறத்தலுண்டு. அது வேற்றினமன்று, தாய் தந்தை இரண்டிடமிருந்தும் மறைந்து வரும் ஒரு மரபுக்கூறு கூடியவழித் தோன்றும் நிறவேறுபாடே. வெயிற்படும்போது கருமையினூடே புள்ளிகளும் தெரியும். இலங்கையில் இத்தகையது இல்லாமலே போய்விட்டதோ என்று பலரும் ஐயுற்றிருந்த காலையிற் சிவனொளிபாத மலையடிவாரத்து நல்லதண்ணிப் பகுதியில் ஒன்று உயிரோடு உலவுவது கருவிகளின் படத்திற் புலனாயிற்று. ஆராய்வோர் கொண்ட மகிழ்ச்சி நெடிது நிலைக்கவில்லை. மே 26ஆம் நாள் அப்பகுதித் தோட்டமொன்றிற் கம்பிச் சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கியது. அதனை விடுவித்து உடவளவையிலுள்ள விலங்கு மருத்துவ நிலையத்திற்குக் கொண்டுசென்றனர். மூன்றாம் நாள், மே 29இல், அது இறந்தது. தீவு முழுதும் அதற்கு இரங்கிற்று. செய்தித்தாள்கள் எல்லாம் எழுதின. அதே ஆண்டில் அதே மலைகளிற் கண்ணியில் மடிந்த மஞ்சட் சிறுத்தைகளுக்கு அத்துணை இரக்கம் கிட்டவில்லை. நிறத்தினால் நம் இரக்கமும் வேறுபடுதல் விந்தையே.

வடக்கே நிகழ்ந்தது வேறுவகை. 2018 ஜூன் மாதத்திற் கிளிநொச்சியை அடுத்த அம்பாள்குளம் என்னுந் தமிழூரிற் சிறுத்தையொன்று புகுந்து பலரைக் காயப்படுத்தியது. வனவிலங்குத் துறையினர் வந்திருந்தும், ஊரார் திரண்டு அதனை அடித்துக் கொன்றனர். கொன்றதைப் படம்பிடித்துப் பரப்பவும் செய்தனர். பின்னர்ச் சிலர் தளைப்படுத்தப்பட்டனர். அவர்களைக் கொடியோரென்று எளிதிற் கூறிவிடலாம். ஆனால் போரினால் ஊரைவிட்டுப் பெயர்ந்து மீண்டு வந்து குடிசையமைத்துக்கொண்ட மக்கள் அவர்கள். அவர்கள் இல்லாத காலத்துக் காடு வளர்ந்திருந்தது; காட்டொடு விலங்கும் வளர்ந்திருந்தது. அச்சமுற்ற ஊரார்க்கு விரைந்து உதவி செய்யும் பயிற்சியும் கருவியும் உடையோர் போதிய அளவில் அண்மையில் இருத்தல் வேண்டும். அஃதின்றிச் சட்டத்தை மட்டும் காட்டுதல் பயன்றராது என்பது எம் கருத்து. சட்டமோ பழமையானது, விலங்கையும் மரஞ்செடிகளையும் காக்க 1937இலேயே அத்தீவிற் கட்டளைச் சட்டம் பிறந்தது, பலமுறை திருத்தமும் பெற்றது. சிறுத்தையைக் கொல்லுதலும் கண்ணி வைத்தலும் அதன்படி குற்றம்.

பிற தீவுகளில் நிகழ்ந்தவற்றையும் ஒருசிறிது நோக்குவோம். பாலித் தீவின் வரிப்புலி கடைசியாகச் சுடப்பட்டது 1937இல். அதன்பின் அவ்வினத்தை உறுதியாகக் கண்டாரில்லை. அண்டையிலுள்ள ஜாவாவின் வரிப்புலி அதற்குச் சில பத்தாண்டுகள் பிந்தி அற்றது. இப்பொழுது அங்கு எஞ்சியுள்ள பெரும்பூனை அத்தீவிற்குரிய சிறுத்தை ஒன்றே. அதுவும் துண்டுபட்ட மலைக்காடுகளில் ஒடுங்கியுள்ளது. கிழக்காப்பிரிக்கக் கரைக்கப்பாலுள்ள சான்சிபாரில் நிகழ்ந்ததோ இன்னும் இரங்கத்தக்கது. அங்குச் சிறுத்தையைச் சூனியக்காரர் வளர்த்து ஏவுகின்றனரென்று மக்கள் நம்பினர். 1964ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர்ச் சூனியத்தையும் சிறுத்தையையும் ஒருங்கே ஒழிக்க வேட்டை நடந்தது. இந்நாளில் அங்கு அது இல்லையென்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். சான்சிபாரில் வெறுப்பினாற் கொன்றனர். இலங்கை மலைநாட்டிலோ அத்தகைய வெறுப்பில்லை. தோட்டத் தமிழர் சிறுத்தையைச் சூனியமென்றோ பேயென்றோ எண்ணுவாரல்லர். அஞ்சுவர், ஒதுங்கிச் செல்வர், அவ்வளவே. வெறுப்பில்லாமலே ஓர் இனம் அழியக்கூடுமென்பதே இங்குள்ள அச்சம்.

இன்று அவற்றின் தொகை யாது? உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008இல் இலங்கைச் சிறுத்தையை 'அருகி வரும்' இனமாகக் குறித்தது. 2020இல் ஆராய்ந்து, ஒருபடி குறைந்த இடரினதாகிய 'அழிவாய்ப்புள்ள' இனமென மாற்றியது. இம்மாற்றத்தைக் கண்டு சிறுத்தை பெருகிவிட்டதெனச் சிலர் மகிழ்ந்தனர். அது பிழையான முடிபு. முன்னினும் பல காடுகளில் ஆராய்ந்து, முன்னினும் திருந்திய முறையில் எண்ணியதனால் வந்த மாற்றமாகவே அதனைக் கொள்ளல் வேண்டும். இனப்பெருக்கத்திற்குரிய வளர்ந்த சிறுத்தைகள் தீவு முழுதும் 800க்குக் குறைவேயென்றும், தொகை இறங்குமுகமாகவே இருத்தல் கூடுமென்றும் அவ்வாராய்ச்சியே கூறுகின்றது. அஃதாவது, நம் கல்லூரிகளுட் சிலவற்றில் ஒரே வகுப்பாண்டிற் சேரும் மாணவர் தொகைக்கும் குறைவு.

2021 முதல் ஆகஸ்டு முதல் நாளை அத்தீவிற் சிறுத்தை நாளெனக் கொண்டாடுகின்றனர். பள்ளிகளில் ஓவியமும் பேச்சும் நடைபெறுகின்றன. அவை நன்றே. ஆயினும் வேலை நடக்கவேண்டிய இடம் லயத்தின் பின்புறத்துக் கிழங்குப் பாத்தியேயாகும். பன்றி புகாத வேலியைத் தோட்ட உரிமையாளரே அமைத்துக் கொடுப்பின் கம்பி கட்டுவார் தொகை குறையும். எல்லைக்காட்டை அடுத்த வழிகளில் வாரத்திற்கொருமுறை நடந்து சுருக்குக்களை அறுத்தெறியத் தோட்டத்து இளைஞரையே கூலிக்கு அமர்த்தலாம். அவர்களே எவ்விடத்திற் பன்றி செல்லுமென்றும், யார் கம்பி கட்டுவாரென்றும் அறிந்தவர். குப்பையை மூடிவைப்பின் நாய் குறையும். நாய் குறையின் சிறுத்தை லயத்தருகே வருவதும் குறையும். கொழுந்து பறிக்கப் புகுமுன் தகரத்தைத் தட்டியோ உரக்கப் பேசியோ செல்லின், உறங்கும் விலங்கு விழித்து ஓடைக்காட்டிற்குப் போய்விடும். கண்ணியிற் சிக்கியதொன்றைக் காண்போர் கூட்டம் கூட்டாது, விலகி நின்று, வனவிலங்குத் துறையினர்க்கு உடனே அறிவித்தல் வேண்டும். அது துள்ளாது கிடக்கும் ஒவ்வொரு நாழிகையும் மருத்துவர்க்கு மிஞ்சும் நாழிகையாகும்.